மூணு தெர்மாமீட்டர், மூணு ரீடிங்: எதை நம்புறது?

வேளச்சேரி அப்பா:
பையனுக்கு 4 வயசு. சாயங்காலத்துல இருந்து உடம்பு அனலா கொதிக்குது. நெத்தியில காட்டுற கன் 97.1ங்குது. டிஜிட்டலை அக்குள்ல வெச்சா 99.3. மாமியார் ஊர்ல இருந்து கொண்டுவந்த பாதரச தெர்மாமீட்டர்ல, அதே அக்குள்ல, 100.6. "கையை வெச்சாலே தெரியுது, இதுக்கு மூணு மெஷினா"ன்னு வேற கேக்குறாங்க. தண்ணி குடிக்கிறான், சோறு இறங்கல. டாக்டர்கிட்ட எந்த நம்பரைச் சொல்ல? கன்னுக்கு போன வாரம்தான் பேட்டரி மாத்தினேன்.

அம்பத்தூர் ஆள்:
கன்னை ஓரமா வைங்க சார். 2020ல எங்க அபார்ட்மென்ட் கேட்ல எனக்கு 93 வந்தது. அந்தக் கணக்குக்கு நான் அப்பவே போய்ச் சேர்ந்திருக்கணும்.

பெரம்பூர் நர்ஸம்மா:
கன் அளக்கிறது தோலோட சூட்டை. நெத்தியில வேர்வை, நேரா ஏசி காத்து, எல்லாமே ரீடிங்கைக் குறைக்கும். துடைச்சிட்டு, கொஞ்ச நேரம் கழிச்சுப் பாருங்க. மோட் பட்டனையும் பாருங்க, பொருளோட சூடு பார்க்கிற மோட்ல இருந்தா கம்மியாதான் காட்டும்.

டிஜிட்டல் முனை அக்குள் நடுவுல தோல்ல படணும், சட்டைத்துணி இடையில வரக்கூடாது. கையை உடம்போட ஒட்டிப் பிடிச்சுக்கோங்க. பீப் வந்ததும் உருவாதீங்க, இன்னும் ஒரு நிமிஷம் விடுங்க. பாதரசத்துக்கு 5 நிமிஷம், வைக்கிறதுக்கு முன்னாடி 96க்குக் கீழ உதறணும். உதறலைன்னா பழைய ஜுரத்தையே காட்டும்.

நாக்குக்கு அடியில வைக்க இவன் சின்னவன், கடிச்சிடுவான். அக்குள்ல எப்பவும் வாயைவிடக் கொஞ்சம் குறைச்சலாதான் வரும். ஒரு டிகிரி கூட்டிச் சொல்லச் சொல்வாங்க. நான் கூட்ட மாட்டேன். "அக்குள்ல இவ்வளவு, ராத்திரி 9 மணிக்கு"ன்னு அப்படியே சொல்லுங்க, கூட்டுறது டாக்டர் வேலை. மூணு மாசத்துக்கு உட்பட்ட குழந்தைன்னா கதை வேற, 100.4 தொட்டாலே அந்த ராத்திரியே கிளம்பணும்.

வேளச்சேரி அப்பா:
அம்மா, மோட்ல பால் பாட்டில் படம் இருந்துச்சு! பையன் அமுக்கியிருக்கான். மாத்தினதும் 99.9. டிஜிட்டலைக் கையைப் பிடிச்சு வெச்சா 100.4. மாமியார் ஜெயிச்சுட்டாங்க.

பெரம்பூர் நர்ஸம்மா:
இனி டிஜிட்டல் ஒண்ணே போதும், ஒரே அக்குள். ஒண்ணுக்குச் சரியா போறானா பாருங்க. மழைக்காலம், டெங்கு நேரம். ஜுரம் இறங்கின பிறகு வயித்துவலி, விடாத வாந்தி, சோர்வு வந்தா காத்திருக்காதீங்க. இப்போதைக்கு பாராசிட்டமால் மட்டும், எடைக்கு எவ்வளவுன்னு டாக்டரைக் கேட்டு. ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் வேண்டாம்.

அம்பத்தூர் ஆள்:
பாதரசம் உடைஞ்சா துடைப்பத்தால பெருக்காதீங்க, சிதறிடும். ஜன்னலைத் திறந்துவிட்டு, உருண்டைகளை அட்டையால ஒதுக்கி மூடி போட்ட பாட்டில்ல எடுங்க.

வேளச்சேரி அப்பா:
அப்போ அந்தப் பாதரச தெர்மாமீட்டரை ஊருக்கே எடுத்துட்டுப் போகச் சொல்லிடவா?

பெரம்பூர் நர்ஸம்மா:
அதை உங்க வீட்டம்மாவை விட்டுச் சொல்லச் சொல்லுங்க.