புதுப்பிப்பு: கேக் அலங்காரப் புத்தகம் கிடைத்துவிட்டது (பெங்களூரு)

கேக் அலங்காரம் புதிதாகப் பழக எந்த மாதிரிப் புத்தகம் வாங்கலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. "அட்டையில் இருக்கும் கேக்கைப் பார்த்து மயங்காதீங்க, க்ரீம் பிழியும் பையைப் பிடிக்கும் கோணம் படமாக இருக்கான்னு பாருங்க" என்ற யோசனைதான் கைகொடுத்தது. சர்ச் ஸ்ட்ரீட்டில் பழைய புத்தகங்களைக் கிளறியதில் அப்படி ஒன்று மாட்டியது. நட்சத்திரப் பூவுக்கு 90 டிகிரியில் செங்குத்தாக, ஓரத்துச் சிப்பி வரிசைக்கு 45 டிகிரி சாய்த்து என்று ஒவ்வொன்றுக்கும் படம். அளவெல்லாம் கிராமில்.

எதிர்பாராதது க்ரீம்தான். வெளிநாட்டுப் புத்தகம், 'க்ரீமை அடிக்கவும்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறது. நம்மூர்ப் பாக்கெட் ஃப்ரெஷ் க்ரீமில் கொழுப்பு பெரும்பாலும் 25 சதவீதம்தான், எவ்வளவு அடித்தாலும் நிற்காது. 35 சதவீதம் உள்ள விப்பிங் க்ரீம் வேண்டும். அப்புறம், செல்ஃப் ரைசிங் மாவு (பேக்கிங் பவுடர் ஏற்கெனவே கலந்த மாவு) என்று வந்தால் 150 கிராம் மைதாவுக்கு 2 தேக்கரண்டி பேக்கிங் பவுடர் கலந்தால் சரி.