2-ஆம் வகுப்பு, 28 பிள்ளைகள்: 10 நிமிடத்துக்கு மேல் கவனம் நிற்கவில்லை

கேள்வி: பயிற்சி ஆசிரியை, பட்டயப் படிப்பு 2-ஆம் ஆண்டு

வணக்கம். ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் கற்பித்தல் பயிற்சி. பிள்ளைகள் பாயில் உட்காருகிறார்கள். பாட்டு, கதை வரைக்கும் நன்றாகப் போகிறது. கரும்பலகைப் பக்கம் திரும்பினாலோ, பொருளைக் கையில் கொடுத்தாலோ சத்தம் ஏறிவிடுகிறது. நான் குரலை உயர்த்தினால் அவர்களும் உயர்த்துகிறார்கள். வியாழக்கிழமை ஈர்க்குச்சிக் கட்டு வைத்துப் பத்துகள், ஒன்றுகள் எடுக்கணும். விரிவுரையாளர் பார்வையிட வருகிறார். என்ன செய்யலாம்?

பதில் 1: கொட்டாங்கச்சி

சத்தம் எங்கே ஏறுகிறது என்று நீங்களே சொல்லிட்டீங்கம்மா. அந்த இரண்டு இடத்திலும் பிள்ளைகளுக்குக் கை சும்மா இருக்கிறது, அல்லது கையில் இருப்பதை வைத்து என்ன செய்யணும் என்று தெரியவில்லை. குரலை விடுங்கள், ஏற்பாட்டைப் பாருங்கள்.

முதலில் குச்சி. ஒரு சாண் நீளம் இருந்தால் வாள்சண்டைதான். விரல் நீளத்துக்கு, சுமார் 8 செ.மீ., நறுக்குங்கள். கூரான நுனியைக் கழித்துவிடுங்கள். மெல்லிய ரப்பர் பேண்ட் வேண்டாம், இழுக்கும்போது அறுந்து முகத்தில் அடிக்கும், ஒருத்தன் சுண்டினால் எல்லாரும் சுண்டுவார்கள். சின்னப் பிள்ளைகள் தலைமுடிக்குப் போடும் துணி சுற்றிய குட்டி ரப்பர் வாங்குங்கள். இரண்டு சுற்றில் நிற்கும், பிஞ்சு விரலுக்கும் வரும்.

4 பேராக 7 குழு. குழுக்களுக்கு 41, 42, 43 என்று 47 வரைக்கும் குச்சி, குழுவுக்கு ஒரு கொட்டாங்கச்சியில் போட்டு வையுங்கள். மொத்தம் 308. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கட்டுப் போடும், மிச்சம் மட்டும் குழுவுக்குக் குழு மாறும். பக்கத்துக் குழுவைப் பார்த்து விடை எழுத முடியாது. முக்கியமாக, வேடிக்கை பார்க்கிற பிள்ளை என்று ஒன்றுகூட இருக்காது. ஒரே ஆள் கட்டி மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த மூன்று பேரிடமிருந்துதான் சத்தம் தொடங்கும்.

வரிசை மாறக் கூடாது: சொல்லுங்கள், செய்து காட்டுங்கள், ஒரு பிள்ளையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள், அதற்குப் பிறகுதான் கொட்டாங்கச்சி போகணும். பொருள் கைக்குப் போன பிறகு நீங்கள் பேசுவது எந்தக் காதிலும் ஏறாது. கட்டளை மூன்றுக்கு மேல் வேண்டாம்: "பத்து எண்ணு. கட்டு. கீழே வை."

40 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம்: பாட்டோடு எண்ணுவது 5, செய்து காட்டுவது 8, குச்சி வேலை 12, பிள்ளைகளே எழுந்து கட்டாகவும் தனிக்குச்சியாகவும் நிற்பது 5, நோட்டு 8, திரும்ப வாங்குவது 2. அந்தக் கடைசி 2 நிமிடத்தைப் பாடத்திட்டத்தில் எழுதாமல் விடுவதால்தான் மணி அடிக்கும்போது வகுப்பு கலைந்து கிடக்கிறது.

பதில் 2: சாக்பீஸ்

மேலே சொன்னதோடு கரும்பலகையும். பிள்ளைகளுக்கு முதுகு காட்டி அரை நிமிடத்துக்கு மேல் எழுதாதீர்கள். கட்டம், தலைப்பு எல்லாம் வகுப்பு தொடங்குமுன்பே எழுதி வையுங்கள். நடுவில் எழுதணும் என்றால் பக்கவாட்டில் நின்று, எழுதுவதை வாயால் சொல்லிக்கொண்டே எழுதுங்கள், அவர்கள் விரலால் காற்றில் எழுதட்டும்.

அமைதிக்கு ஒரு கைதட்டல்: மெதுவாக இரண்டு, வேகமாக மூன்று. அவர்கள் அதையே திருப்பித் தட்டி, கையைத் தலையில் வைக்கணும். தலையில் கை இருந்தால் குச்சி தானாகத் தரையில் இருக்கும். கடைசிக் கை ஏறும்வரை வாயைத் திறக்காதீர்கள். 20 பேர் அடங்கியதும் பேசத் தொடங்கினால் மிச்ச 8 பேருக்கு "அடங்கத் தேவையில்லை" என்று நாமே கற்றுக்கொடுக்கிறோம். ஒரு பாடவேளைக்கு நாலைந்து தடவைக்கு மேல் தட்டினால் பழகிப்போய் மதிப்பு போய்விடும்.

கேள்வியை முதலில் கேளுங்கள், மனசுக்குள் மூன்று எண்ணுங்கள், அப்புறம் பெயர் சொல்லுங்கள். பெயரை முதலில் சொன்னால் மற்ற 27 பேருக்கும் விடுமுறை. "புரிஞ்சுதா?" என்பதை விட்டுவிடுங்கள், "புரிஞ்சுது டீச்சர்" என்ற கூட்டுக் குரலில் எதுவும் தெரியாது.

பதில் 3: பழைய பாடசாலை

இவ்வளவு எதற்கு? கையில் ஒரு குச்சி இருந்தாலே அடங்கிவிடுவார்கள். அடிக்க வேண்டாம், காட்டினால் போதும்.

பதில் 4: கொட்டாங்கச்சி

ஐயா, இதை ஏற்கவே முடியாது. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17 உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் சேர்த்தே தடுக்கிறது. பயத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை குச்சியைத்தான் பார்க்கும், பாடத்தைப் பார்க்காது. வகுப்பாசிரியர் வெளியே போனதும் கலைகிற வகுப்பு எல்லாமே ஆளுக்கு அடங்கிய வகுப்புதான்.

கேள்வி கேட்டவர்

ரொம்ப நன்றி. ஒரு பையன் மட்டும் எழுந்து எழுந்து நடக்கிறான். ஐந்தாறு பேர் சீக்கிரம் முடித்துவிடுகிறார்கள். இவர்களை என்ன செய்வது?

பதில் 5: சாக்பீஸ்

நடக்கிற பையனுக்கு நடக்கிற வேலை கொடுங்கள்: கொட்டாங்கச்சி கொண்டுபோய் வைப்பது அவன். ஆனால் தினமும் அவனே என்றால் மற்றவர்களும் நடக்கத் தொடங்குவார்கள், இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். அவன் பலகையை நோக்கியே நடக்கிறானா என்றும் கவனியுங்கள். அப்படியானால் கண்பார்வை, காது இரண்டையும் பற்றி வகுப்பாசிரியரிடம் சொல்லணும்.

சீக்கிரம் முடிப்பவர்களுக்குக் கொட்டாங்கச்சிக்கு அடியில் மடித்த சீட்டு ஒன்று வையுங்கள்: "இன்னும் எத்தனை குச்சி இருந்தால் 50?" 41 வைத்திருக்கிற குழுவுக்கு 9, 47 குழுவுக்கு 3. திரும்ப வாங்கும்போது குச்சியை எண்ண வேண்டாம், ரப்பரை மட்டும் எண்ணுங்கள். குழுவுக்கு 4, மொத்தம் 28.