முன்பக்க ஸ்ட்ரட்டை வீட்டிலேயே பிரிக்க எந்த ஸ்பிரிங் கம்ப்ரஸர் வாங்கலாம்?

அருள்:

வணக்கம். என் காரில் முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டிலும் எண்ணெய் கசிகிறது. நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் மேல் மவுண்ட் பக்கத்திலிருந்து ‘டங்’ என்று ஒரு சத்தமும் வருகிறது. மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட்தான், ஸ்பிரிங் ஷாக்கைச் சுற்றியே உட்கார்ந்திருக்கிறது. பிரேக், வீல் பேரிங், லோயர் ஆர்ம் புஷ் எல்லாம் நானே மாற்றியிருக்கிறேன். ஜாக்கி, ஸ்டாண்டு, டார்க் ரெஞ்ச், கனமான வைஸ் இருக்கின்றன. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிரிக்கும் வேலையை மட்டும் இதுவரை தொட்டதில்லை.

ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸர்களில் விற்பனைக்கு இருப்பதைப் பார்த்ததில் மூன்று வகை கண்ணில் பட்டது. இரண்டு தனித்தனி ராடுகள், ஒவ்வொன்றிலும் மேலும் கீழும் கொக்கி. அதே வடிவத்தில் கொக்கியின் வாயைப் பூட்ட ஒரு பின் வைத்தது. அப்புறம், ஒற்றைத் தடிமனான ஸ்பிண்டிலில் (மரை வெட்டிய தண்டில்) இரண்டு அகலமான தாடைகள் ஸ்பிரிங்கைக் கவ்விப் பிடிக்கும் வகை. விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பக்கத்து வீட்டுக்காரர் தன்னிடம் உள்ள பழைய கொக்கி ஜோடியை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார், கொஞ்சம் துருப்பிடித்திருக்கிறது. பின்பக்க ஸ்பிரிங்கையும் பிறகு மாற்ற வேண்டியிருக்கும். எதை நம்பலாம்?

கதிரவன்:

என்னிடம் இருப்பது சாதாரணக் கொக்கி ஜோடிதான். பல வண்டிகள் பார்த்தாயிற்று, இதுவரை ஒன்றும் ஆகவில்லை. மரையில் கிரீஸ் போட்டு, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் சுற்றுங்கள். பயமாக இருந்தால் ஸ்பிரிங்கைச் சுற்றி ஒரு கயிறு கட்டிவிடுங்கள். அவ்வளவுதான்.

தணிகாசலம்:

அருள் தம்பி, நான் சஸ்பென்ஷன் வேலை மட்டுமே பார்க்கும் பட்டறையில் இருப்பவன். கதிரவன் சொன்ன கிரீஸும் சரி, மாற்றி மாற்றிச் சுற்றுவதும் சரி. கயிற்றை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

ஒரு மில்லிமீட்டர் அமுங்க 25 நியூட்டன் கேட்கும் ஸ்பிரிங் என்று வைத்துக்கொள். அதை 150 மில்லிமீட்டர் அமுக்கினால் விசை 3,750 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 380 கிலோ எடை. உள்ளே சேர்ந்திருக்கும் ஆற்றல் 280 ஜூலுக்கு மேல். 28 கிலோ இரும்பு ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் எவ்வளவோ அவ்வளவு, ஒரே நொடிக்குள், உன் முகத்துக்கு நேராக. அதே ஸ்பிரிங்கை இன்னும் 50 மில்லிமீட்டர் அமுக்கினால் ஆற்றல் 500 ஜூல் ஆகிவிடும். அமுக்கும் தூரம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது, ஆற்றலோ கிட்டத்தட்ட இரட்டிப்பு. இதைக் கயிறு தாங்காது. அது கட்டியிருக்கிறது என்ற தைரியத்தில் நாம் முகத்தைக் கிட்டே கொண்டுபோவோம், கெடுதல் அங்கேதான் தொடங்குகிறது.

இப்போது கொக்கி. ஸ்பிரிங் கம்பி படுக்கைவாக்கில் இல்லை, சரிவாக ஏறிப்போகிறது. நீ ராடைச் சுற்றச் சுற்ற, கொக்கி அந்தச் சரிவில் வழுக்கிப் பக்கவாட்டில் நகரப் பார்க்கும். எதிரெதிரே வைத்த இரண்டு ராடுகளும் மெல்ல ஒரே பக்கமாக வந்து சேரும். அப்படி வந்தபின் எதிர்ப்பக்கத்தைப் பிடிக்க ஆள் இல்லை. ஸ்பிரிங் அந்தப் பக்கம் புடைத்து வில் மாதிரி வளையும். அடுத்து ஒரு கொக்கி கம்பியை விட்டுக் கழன்றால் முழுச் சுமையும் மற்றதில் விழுகிறது, அது தனியாகத் தாங்கப் போவதில்லை. ராடு எவ்வளவு கெட்டியான இரும்பாக இருந்தாலும் இந்த நகர்வை அது தடுக்காது. எத்தனை டன் தாங்கும் என்பதை இரண்டாவதாகப் பார். கம்பி எந்த வழியிலும் வெளியே வர முடியாதபடி பிடித்திருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

அதனால் நீ சொன்ன மூன்றில் முதலாவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். இரண்டாவது, பின் வைத்தது, கம்பி கொக்கியை விட்டு வெளியே குதிப்பதைத் தடுக்கும். ஆனால் சரிவில் நகர்வதை முழுசாகத் தடுக்காது. கவனமாகச் செய்பவர் அதை வைத்து வேலையை முடிக்கலாம். மூன்றாவதுதான் வீட்டில் செய்பவருக்கு ஏற்றது. அதன் தாடை ஒரு சுற்றின் கணிசமான பகுதியைக் கவ்வுகிறது, ஸ்பிரிங்கின் சரிவுக்கு ஏற்றபடியே வளைந்திருக்கிறது, விளிம்பில் ஒரு உதடு கம்பியை உள்ளேயே நிறுத்துகிறது. ஸ்பிண்டில் ஒன்றே ஒன்று என்பதால் இரண்டு பக்கம் ஏற்றத்தாழ்வாகிவிட்டதே என்ற கவலையும் இல்லை. ஜெர்மனியின் கிளான், ஹேஸட் போன்றவர்கள் இந்த வகையைப் பல காலமாகச் செய்கிறார்கள். வேறு தயாரிப்பானாலும் ஜி.எஸ். முத்திரை இருந்தால், வெளியாள் ஒருவர் சோதித்துப் பார்த்திருக்கிறார் என்று பொருள்.

பக்கத்து வீட்டுத் துருப்பிடித்த ஜோடியை அன்போடு திருப்பிக் கொடுத்துவிடு. அந்த ராடு முன்பு எப்போதாவது வளைந்து நிமிர்த்தப்பட்டதா, மரை எத்தனை முறை கிரீஸ் இல்லாமல் சுற்றப்பட்டது என்று யாருக்கும் தெரியாது. துருவை விட அதுதான் எனக்கு உறுத்துகிறது.

பின்பக்கம் பற்றி: உன் வண்டியில் பின்னால் ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனியாக இருந்து, குறுக்கே ஒரே பீம் ஓடினால், பெரும்பாலும் கம்ப்ரஸரே வேண்டாம். பாடியை ஸ்டாண்டில் நிறுத்தி, பீமை ஜாக்கியால் தாங்கி, ஷாக்கின் கீழ் போல்ட்டுகளைக் கழற்றி மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் தளர்ந்து கையோடு வந்துவிடும். பிரேக் ஹோஸ் இழுபடாமல் மட்டும் பார்த்துக்கொள்.

அருள்:

ரொம்ப நன்றி அண்ணா. பின்பக்கம் பீம்தான், அந்தச் செலவு மிச்சம். முன்பக்க ஸ்பிரிங்கை அளந்தேன். கம்பி 12 மில்லிமீட்டர். வெளிவிட்டம் நடுவில் 150 மில்லிமீட்டர் அளவில் இருக்கிறது, கீழே குறுகிப் போகிறது. மேல் இரண்டு சுற்றுகளும் மிக நெருக்கம், விரல்கூட நுழையவில்லை. தாடை எங்கே பிடிப்பது? பெட்டிகளில் ‘ஒரு டன்’ என்று போட்டிருக்கிறார்கள், அதை நம்பலாமா? என்னிடம் பேட்டரி இம்பாக்ட் கன் இருக்கிறது, அதில் சுற்றினால் வேலை சீக்கிரம் முடியுமா?

தணிகாசலம்:

அளந்து பார்த்தது நல்ல காரியம், பலர் அதைச் செய்யாமலே வாங்கிவிடுகிறார்கள். தாடைத் தட்டுகள் வெவ்வேறு அளவில் வரும். ஒவ்வொன்றும் எந்த விட்டத்திலிருந்து எந்த விட்டம் வரை, எவ்வளவு தடிமனான கம்பி வரை என்று அதன் கையேட்டில் இருக்கும். உன் 150-ம் 12-ம் அந்த எல்லையின் நடுவே விழ வேண்டும், ஓரத்தில் ஒட்டிக்கொண்டு அல்ல. மேல் சுற்றுகள் நெருக்கமாக இருந்தால் அவற்றை விட்டுவிடு. தாடை தாராளமாக நுழையும் சுற்றைப் பிடி, கீழேயும் அப்படியே. இரண்டுக்கும் நடுவில் எத்தனை சுற்றுகள் முடியுமோ அத்தனை சிக்கட்டும். இரண்டே சுற்றுகளைப் பிடித்தால் அமுக்க இடமே இருக்காது, அவை ஒன்றோடொன்று முட்டி நின்றுவிடும். கீழே குறுகும் பகுதியில் பெரிய தட்டைப் போடாதே, கம்பி அதில் பாதிதான் உட்காரும்.

‘ஒரு டன்’ என்ற எழுத்தைப் பார்த்தால், ஒரு ராடுக்கா, ஜோடிக்கா என்று தேடு. அது வேலை செய்யும் சுமையா, உடையும் சுமையா என்றும் பார். இரண்டுக்கும் பதில் கையேட்டில் இல்லையென்றால் அந்தப் பொருளை நான் வைத்துவிடுவேன். ஸ்பிண்டிலின் மரை சாதாரண போல்ட் மரை மாதிரிக் கூர்மையாக இருக்கிறதா, பல்லின் உச்சி தட்டையாக இருக்கிறதா என்றும் கவனி. தட்டைப்பல் மரைதான் இப்படி இழுக்கும் சுமைக்கென்று வந்தது. தலைப்பக்கம், இழுக்கும் சுமையைத் தாங்கிச் சுழலும் த்ரஸ்ட் பேரிங் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது, ரேட்செட் கையில் லேசாகச் சுற்றும்.

இம்பாக்ட் கன் வேண்டாம், தம்பி. தயாரிப்பாளர் அனுமதிப்பதாக எழுதியிருந்தால் ஒழிய வேண்டவே வேண்டாம். வேகமாகச் சுற்றும்போது மரை சூடேறி, கிரீஸ் வெளியேறி, உலோகமும் உலோகமும் கடித்துக்கொள்ளும். அந்தக் கடி ஸ்பிரிங் பாதி அமுங்கியிருக்கும்போது நிகழ்ந்தால் முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது. பட்டறையில் இருப்பவர்களே அஞ்சும் நிலை அது. இன்னொன்று, கன் பிடித்த கைக்குத் திடீரென ஏறும் இறுக்கம் தெரியாது. ரேட்செட் பிடித்த கை அதை முதலிலேயே உணர்ந்துவிடும்.

வேலை முறையையும் சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ரட்டை வண்டியிலிருந்து இறக்கும்போது பானெட்டுக்குள் மவுண்டைச் சுற்றியிருக்கும் நட்டுகளை மட்டும் கழற்று. நடுவில் ஒரு நட் இருக்கும், அதன் பக்கமே ஸ்பேனர் போகக் கூடாது. ஸ்பிரிங்கைப் பிடித்துவைத்திருப்பதே அதுதான். ஸ்ட்ரட்டை வைஸில் அதன் அடிப் பிராக்கெட்டில் பிடி, ஷாக் குழாயை நெரிக்காதே. மேல்முனை சுவரைப் பார்த்து இருக்கட்டும். நீயோ வேறு யாருமோ அந்த நேர்கோட்டில் நிற்க வேண்டாம்.

பிறகு அமுக்கு. கொஞ்சம் சுற்றி, நிறுத்தி, தாடை இரண்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கின்றனவா என்று பார். நகர்ந்திருந்தால் திருப்பித் தளர்த்தி மறுபடி வை, அப்படியே தொடராதே. ஸ்பிரிங் அதன் முனை உட்காரும் கிண்ணத்தில் தளர்ந்து, கையால் லேசாகத் திருப்ப முடிகிற நொடியில் நிறுத்திவிடு. அதற்கு மேல் ஒரு சுற்றும் தேவையில்லை. மேலே சொன்ன 280-ம் 500-ம் இங்கேதான் ஞாபகம் வர வேண்டும். இப்போதுதான் நடு நட். பிஸ்டன் ராடை அதன் முனையிலுள்ள ஆலன் குழியில் சாவி போட்டுப் பிடித்துக்கொண்டு, நடுவே துளையுள்ள சாக்கெட்டால் கழற்று. ராடைக் குறடால் பிடித்துக் கீறிவிட்டால் ஷாக்கின் சீல் போய்விடும், புது ஷாக்காக இருந்தாலும்.

ஸ்பிரிங்கின் மேல் பூச்சு உரியாமல் இருக்கத் தட்டுகளில் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் உறை வரும், அதைக் கழற்றிவிடாதே. பூச்சு உரிந்த இடத்தில் துரு பிடிக்கும், துருக்குழியில் விரிசல் பிறக்கும், அங்கேதான் ஒருநாள் ஸ்பிரிங் முறியும்.

பூங்குழலி:

நடுவில் ஒரு வார்த்தை. ஸ்பிரிங், மவுண்ட், பேரிங், ஷாக் எல்லாம் ஏற்கெனவே பூட்டிய முழு ஸ்ட்ரட் உங்கள் மாடலுக்குக் கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைத்தால் இந்த அமுக்கும் வேலையே இல்லை, பழையதை இறக்கிப் புதியதை ஏற்றினால் முடிந்தது. கிடைக்காவிட்டாலும் ஸ்ட்ரட்டை நீங்களே இறக்கி, பிரிக்கும் வேலைக்கு மட்டும் ஸ்டாண்டு மெஷின் (நிலையாக நிறுத்திய ஸ்பிரிங் அமுக்கும் இயந்திரம்) உள்ள பட்டறைக்குக் கொண்டுபோகலாம். நான் அப்படித்தான் செய்கிறேன். இரண்டு ஸ்ட்ரட்டையும் கையில் கொடுத்தால் சீக்கிரமாகவே மாற்றித் தந்துவிடுகிறார்கள்.

தணிகாசலம்:

பூங்குழலி சொல்வதை முழு மனதாக ஆதரிக்கிறேன். வாழ்நாளில் ஒரு முறை மட்டும் செய்யப் போகும் வேலை என்றால் அதுதான் நல்ல வழி. முழு ஸ்ட்ரட் வாங்கும்போது ஸ்பிரிங் உன் எஞ்சின் வகைக்கானதா என்று பார்ட் எண்ணை வைத்துச் சரிபார். டீசல் எஞ்சின் பெரும்பாலும் கனம், அதற்கான ஸ்பிரிங்கும் வேறாக இருக்கும்.

ஜோசப்:

மன்னிக்கவும், இதே இழையில் கேட்கிறேன். என் வண்டியில் ஸ்பிரிங்கின் கீழ்ச் சுற்று முறிந்து ஒரு துண்டு கிண்ணத்தில் கிடக்கிறது. முறிந்ததால் அதில் அழுத்தம் இருக்காது, அப்படியே நடு நட்டைக் கழற்றலாம் என்று ஒரு நண்பர் சொல்கிறார். உண்மையா?

தணிகாசலம்:

இல்லை, ஜோசப். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். முறிந்த துண்டின் நீளம் மட்டும்தான் குறைந்திருக்கிறது. மீதிச் சுற்றுகள் இன்னும் மேல் கிண்ணத்துக்கும் கீழ்க் கிண்ணத்துக்கும் இடையே அமுங்கித்தான் நிற்கின்றன. முறிந்த முனை கோணலாக உட்கார்ந்திருப்பதால் அது எந்தப் பக்கம் திரும்பும் என்றும் சொல்ல முடியாது. இதைக் கொக்கியிலும் வேண்டாம், வீட்டில் தாடையிலும் வேண்டாம். ஸ்ட்ரட்டை அப்படியே பட்டறையில் கொடுங்கள், ஸ்டாண்டு மெஷினில் பிரிக்கட்டும். கூர்முனை டயரில் உரசி அதைக் கிழிக்கவும் கூடும், ஆகவே அங்கே ஓட்டிக்கொண்டு போவதும் வேண்டாம். மறுபக்க ஸ்பிரிங்கையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

அருள்:

முழு ஸ்ட்ரட் என் மாடலுக்கு இல்லை. தாடை வகையை ஒருவரிடம் வாடகைக்குக் கேட்டிருக்கிறேன், கையேடும் தட்டுகளும் சேர்த்துத் தருவதாகச் சொல்கிறார். மாட்டும்போது வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

தணிகாசலம்:

வாடகைக்கு எடுத்தால் முதலில் ஸ்பிண்டிலைத் தரையில் உருட்டிப் பார், வளைவு இருந்தால் தெரிந்துவிடும். மரையைத் துடைத்து, பல் எங்கும் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு கையேடு சொல்லும் கிரீஸைப் பூசு.

பூட்டும்போது ஸ்பிரிங்கின் கம்பி முனை கீழ்க் கிண்ணத்திலுள்ள படியில் முட்டி நிற்க வேண்டும். மேல் பேரிங்கைப் புதிதாகவே போடு, நீ சொன்ன ‘டங்’ சத்தத்துக்கு அநேகமாக அதுதான் காரணம். பேரிங் திரும்ப மறுத்தால் ஸ்டியரிங்கோடு சேர்ந்து ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு, தாங்காமல் விடுபடும்போது அப்படிச் சத்தம் கொடுக்கும். நடு நட் புதியதாக இருக்கட்டும், வண்டியின் கையேட்டிலுள்ள டார்க்குக்கு இறுக்கிய பிறகுதான் கம்ப்ரஸரைத் தளர்த்த வேண்டும். தளர்த்துவதையும் மெதுவாகவே செய். ஸ்பிரிங் இரண்டு கிண்ணத்திலும் நேராக உட்காருகிறதா என்று பார்த்துக்கொண்டே தளர்த்து. ஒரு ஸ்ட்ரட்டை முடித்த பிறகு அடுத்ததைத் தொடு. அமுக்கிய ஸ்பிரிங்கைக் கம்ப்ரஸரோடு தரையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதே, ஷாக் வர நேரமாகும் என்றால் தளர்த்தி வைத்துவிட்டுப் போ. சக்கரம் மாட்டியதும் அலைன்மென்ட் பார்த்துவிடு, ஸ்ட்ரட்டைக் கழற்றினால் கேம்பர், அதாவது சக்கரத்தின் சாய்வு, மாறக்கூடும்.