பதில்: தடுக்காத தடுப்பூசிக்கு என்ன பெயர்?

> 'சிகிச்சைத் தடுப்பூசி' என்றே போடுங்களேன். எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, தப்பாகப் புரியும். நோயைத் தடுக்காமல், வந்தபின் சிகிச்சையாகப் போடும் ஊசிக்குத் (therapeutic vaccine) தமிழ்ச் சொல் கேட்டிருந்தேன். அதற்காக நான் எழுதும் கட்டுரை சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பற்றி. நோய் வந்துவிட்டவரிடம் போய்த் தடுப்பூசி என்றால், இனி எதைத் தடுக்க என்றுதான் கேட்பார்.

இந்த நோயில் கூடுதலாக ஒரு சிக்கல். புற்று தசைக்குள் இறங்காத நிலையில், ஆனால் திரும்பி வரும் ஆபத்து அதிகமென்றால், கட்டியைச் சுரண்டி எடுத்தபின் கொடுக்கும் வழக்கமான மருந்தே பி.சி.ஜி.தான். காசநோய் வராமல் இருக்கக் குழந்தைகளுக்குத் தோளில் போட்டுத் தழும்பு விழுகிறதே, அதேதான். குழாய் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் விட்டு, இரண்டு மணிநேரம் அடக்கி வைத்திருக்கச் சொல்வார்கள். முதல் சுற்று வாரம் ஒன்றாக ஆறு வாரம். 1976-இல் கனடாவில் ஆல்வாரோ மொராலெஸ் வெளியிட்ட முறை. இதில் ஊசியும் இல்லை, காசநோயும் இல்லை!

இந்த பி.சி.ஜி.யோடு பேன்வாக் என்ற புற்றுநோய்த் தடுப்பூசியையும் சேர்த்து அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் ஓர் ஆய்வு நடத்தியது. பி.சி.ஜி. போட்டும் நோய் திரும்பியவர்களில் ஒரு பகுதியினருக்கு இரண்டும், மற்றவர்களுக்கு பி.சி.ஜி. மட்டும். அதைத் தமிழில் எழுதினேன்: 'தடுப்பூசியோடு தடுப்பூசி'. அழித்துவிட்டேன்.

சரி, பேன்வாக் என்னதான் செய்கிறது? புற்றுச் செல்கள் பலவற்றில் மிகுந்து காணப்படும் இரண்டு புரதங்களின் மரபணுக்களை அம்மை வைரஸில் ஏற்றித் தோலுக்கடியில் போடுகிறார்கள். முதல் ஊசியில் வாக்சீனியா (பெரியம்மைத் தடுப்பூசியில் இருந்த வைரஸ்), அடுத்தடுத்து கோழிகளுக்கு வரும் அம்மையின் வைரஸ். 'இந்த ஆளைப் பார்த்து வைத்துக்கொள்' என்று நம் எதிர்ப்பாற்றலின் டி செல்களுக்குக் காட்டிக்கொடுக்கிற வேலை. அதனால் என் பரிந்துரை: இனங்காட்டூசி. 'காட்டூசி' என்று சுருக்கலாம் என்று பார்த்தேன், காட்டில் விளைந்தது போலக் கேட்கிறது.

> பழக்கூசி? யானையைப் பழக்குவது போல, எதிர்ப்பாற்றலைப் பழக்குகிறது.

உவமை அழகு அக்கா. ஆனால் ஊசியும் பழக்கமும் பக்கத்தில் வந்தாலே நம்மூரில் வேறு அர்த்தம். நோயாளியின் மாமியார் காதில் விழுந்தால் தீர்ந்தது.

'புற்றெதிர்ப்பூசி'யும் வேண்டாம் என்பேன். எதிர்க்கிறதா என்று பார்க்கத்தானே ஆய்வே? பேன்வாக் சேர்த்ததால் நோய் திரும்புவது குறிப்பிடும்படி குறையவில்லை என்றுதான் முடிவு வந்தது. இனங்காட்டுவது அது செய்ய முயலும் வேலை, பலன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பெயர் பொய்யாகாது. 'சிகிச்சை' என்ற சொல் அதற்கு முன்பே வாக்குக் கொடுத்துவிடுகிறது.

பி.சி.ஜி.யை அந்தக் கட்டுரையில் 'பி.சி.ஜி. மருந்து' என்றே விட்டுவிடுகிறேன். கிண்டியில் பி.சி.ஜி. ஆய்வகமே இருக்கிற ஊரில் அதற்குப் புதுப்பெயர் வைத்தால் அடி விழும்.

'இனங்காட்டூசி'யை மருத்துவர் யாராவது நோயாளியிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். நாக்கு சுளுக்கினால் 'இனங்காட்டும் ஊசி' என்று பிரித்தே போட்டுக்கொள்கிறேன்.