கூரையில் கட்டிய ரெக்கவரி போர்டு: உங்களுக்கு என்ன நடந்தது?

தாம்பரம் டஸ்டர்

நடந்து ஒரு மாதம் ஆகிறது. இன்னும் மனசை விட்டுப் போகவில்லை, அதனால் எழுதுகிறேன்.

வண்டி டஸ்டர் ஏடபிள்யூடி, நாலு சக்கரமும் இழுக்கும். ரூஃப் ரெயில், அதாவது கூரையின் இரண்டு ஓரத்திலும் நீளவாக்கில் ஓடும் கம்பி, கம்பெனியிலேயே வந்தது. குறுக்கே போடும் கிராஸ் பார் கிடையாது. மணலிலோ சேற்றிலோ சக்கரம் புதைந்தால் அடியில் கொடுத்து ஏற்றும் பிளாஸ்டிக் பலகைதான் ரெக்கவரி போர்டு. என்னுடையது ஆரஞ்சு ஜோடி, செகண்ட் ஹேண்டில் நாலாயிரத்துக்கு வாங்கினேன். அதை மாட்டுவதற்கென்றே விற்கும் ஆணி செட்டுக்கு ஒன்பதாயிரம் கேட்டார்கள். போர்டை விட அதை மாட்டும் ஆணிக்கு விலை அதிகமா என்று வீம்பு. ரெயிலுக்குக் குறுக்கே இரண்டு அலுமினியப் பட்டை வைத்து, பட்டை, போர்டு எல்லாவற்றையும் கேபிள் டை போட்டு இறுக்கிவிட்டேன். மொத்தச் செலவு 380 ரூபாய். வாட்ஸ்அப் குரூப்பில் படம் போட்டுப் பெருமை வேறு.

ஏப்ரல், மே முழுக்க வெயிலில் நின்ற வண்டி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஜி.எஸ்.டி. ரோட்டில் மேல்மருவத்தூர் தாண்டி நூறில் போய்க்கொண்டிருந்தேன். தலைக்கு மேல் 'டப்' என்று ஒரு சத்தம், அப்புறம் கூரையே பிய்ந்ததுபோல் ஒரு அதிர்வு. முன்பக்க டை அறுந்து போர்டு செங்குத்தாக எழுந்துவிட்டது. அடுத்த நொடி கண்ணாடியில் பார்க்கிறேன், ஆரஞ்சு நிறத்தில் ஒன்று சுழன்றுகொண்டே பின்னால் போகிறது. பின்னால் ஒரு பைக். புருஷன், மனைவி, நடுவில் நாலு வயசுக் குழந்தை.

அவர் எப்படித் திருப்பினாரோ, மண் ஓரத்தில் இறங்கி, இரண்டு காலையும் ஊன்றி நிறுத்திவிட்டார். யாரும் விழவில்லை. நான் ஓடிப் போனேன். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் "பாப்பா செருப்பு ஒண்ணு விழுந்துடுச்சு சார், பார்த்தீங்களா?" என்று கேட்டார். நீலச் செருப்பு. நானும் அவரும் பத்து நிமிஷம் ரோட்டோரப் புல்லில் தேடினோம். கிடைக்கவில்லை. போர்டு மேல் லாரி ஏறி இரண்டு துண்டாகிக் கிடந்தது. பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. குழந்தை ஒற்றைச் செருப்போடு என்னையே பார்த்துக்கொண்டு போனது.

சிக்கனமாக மாட்டியவர்கள் எழுதுங்கள். எது தாங்கியது, எது தாங்கவில்லை?

ஷார்ஜா பஜேரோ

எனக்கு நேர் எதிர்க் கதை. என் போர்டு விழவே இல்லை, அதுதான் பிரச்சினை.

ரூஃப் பாஸ்கெட்டில் எம்10 (10 மில்லி) ஸ்டெயின்லெஸ் போல்ட், தானாகக் கழலாத ஸ்டெயின்லெஸ் நைலாக் நட்டு போட்டு மாட்டினேன். யாரும் திருடிவிடக் கூடாது என்று நீளக் கம்பி வைத்து முறுக்கினேன். நாற்பது திர்ஹாம்தான் ஆனது. ஸ்வெய்ஹான் பக்கம் மணல் மேட்டுக்கு நடுவே கிண்ணம் மாதிரி ஒரு பள்ளத்தில் மாட்டிக்கொண்டேன். தனியாகப் போயிருந்தேன், திட்டாதீர்கள், வீட்டில் போதுமான அளவு வாங்கியாகிவிட்டது. சூரியன் இறங்குகிறது. டூல் பையில் 13ஆம் நம்பர் ஸ்பேனர் இருக்கிறது, 14 இருக்கிறது. எம்10 நட்டுக்கு வேண்டியது 17.

அட்ஜஸ்டபிள் ஒன்று கிடைத்தது. அரைச் சுற்று வந்தது, அப்புறம் நட்டும் போல்ட்டும் ஒன்றாகச் சுற்றின. துரு ஒன்றும் இல்லை. ஸ்டெயின்லெஸ்ஸோடு ஸ்டெயின்லெஸ் இறுக்கினால் மரை உரசிச் சூடாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கொஞ்சம் காப்பர் கிரீஸ் தடவியிருந்தால் போதும். தலைக்கு மேல் இரண்டு போர்டு, கீழே நான் டிபன் பாக்ஸ் மூடியால் மணல் தோண்டுகிறேன்.

ஒட்டகப் பண்ணையில் வேலை செய்யும் ஒரு பாகிஸ்தான் பெரியவர் ஹைலக்ஸில் வந்தார். கூரையைப் பார்த்தார், என் கையிலிருந்த மூடியைப் பார்த்தார். "மேலே இருப்பது அலங்காரமா, மகனே?" என்று இந்தியில் கேட்டார். டயர் காற்றை இன்னும் இறக்கச் சொல்லி, கயிறு போட்டு ஐந்து நிமிஷத்தில் இழுத்துவிட்டார். அந்தக் கேள்வியை என் நண்பர்கள் இன்னும் விடவில்லை.

பல்லடம் லேத்து

டஸ்டர் அண்ணா, முதலில் கேபிள் டையே தப்பு. நைலான், வெயில் பட்டால் மொறமொறவென்று ஆகிவிடும். கறுப்பு நிறம் கொஞ்ச நாள் அதிகம் தாங்கும், அவ்வளவுதான். என் கதை சின்னது: எனக்கும் ஒரு போர்டு போயிருக்கிறது, தாராபுரம் ரோட்டில் ராத்திரி, நல்ல வேளை பின்னால் யாரும் இல்லை. அதை விடுங்கள்.

ஒரு கணக்குப் பாருங்கள். போர்டு ஏறக்குறைய நாலடி நீளம், ஒரு அடிக்கு மேல் அகலம், எடை மூன்றரை கிலோ. நூறில் போகும்போது காற்று அதை முழுசாகப் பிடித்துவிட்டால் இருபது கிலோ அளவுக்கு இழுக்கும். எண்பதில் போவதற்கும் நூறில் போவதற்கும் வேகம் கால் பங்குதான் கூடுதல், காற்றின் இழுப்போ ஒன்றரை மடங்கு. அதனால் முன்முனைதான் முக்கியம். பின்னால் எத்தனை கட்டு போட்டாலும் முன்னால் இரண்டு இரும்புப் போல்ட் இல்லையென்றால் வீண்.

நான் செய்து கொடுப்பது இதுதான். 25 மில்லி சதுரப் பைப் இரண்டு, ஒரு ரெயிலிலிருந்து மறு ரெயில் வரை எட்டும்படி வெட்டி, இரண்டு பக்கமும் யூ போல்ட் போட்டு ரெயிலில் பிடிக்க வேண்டும். நடுவில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிவிட்டால் ரெயிலில் கீறல் விழாது, வழுக்கவும் வழுக்காது. பைப்பில் ஓட்டை போட்டு எம்10 போல்ட்டைக் கீழிருந்து மேலே விட்டு, தலையை வெல்டு வைத்துவிடுங்கள், அப்போது போல்ட் கூடவே சுற்றாது. ஷார்ஜா நண்பர் இதைக் கவனிக்கவும். போர்டின் கைப்பிடித் துளை அந்தப் போல்ட்டில் உட்காரும். மேலே ஒரு பெரிய வாஷர், அதற்கு மேல் கையாலேயே திருகும் விங் நட். சின்ன வாஷர் போட்டால் துளை வழியாகவே போர்டு உருவிக்கொண்டு வந்துவிடும். ஒரு போல்ட்டின் நுனியில் குறுக்கே ஓட்டை போட்டுச் சின்னப் பூட்டு மாட்டலாம். முதல் ஐம்பது கிலோமீட்டரில் ஒரு தடவை நிறுத்தி இறுக்கிப் பார்க்க வேண்டும், ரப்பர் அமுங்கும். ஆயிரத்து இருநூறுக்குள் முடிந்துவிடும். கடலோர ஊர் என்றால் இரும்புப் பைப்புக்கு இரண்டு கோட் பெயின்ட் அடியுங்கள். அலுமினியப் பைப்பில் ஸ்டெயின்லெஸ் போல்ட் போடுவதாக இருந்தால் நடுவில் ரப்பர் கட்டாயம். உப்புக் காற்றில் இரண்டு உலோகமும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் பொரிந்துபோகும்.

எல்லா ரெயிலும் நிஜ ரெயில் இல்லை, அழகுக்கு ஒட்டிய பிளாஸ்டிக்கும் உண்டு. கையால் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு இறங்குங்கள், தம்பிகளா.

குன்னூர் ஜிம்னி

லேத்து சார், இங்கே எல்லாரும் தம்பி இல்லை. நான் ஐந்தடி உயரம் உள்ள அக்கா. உங்கள் டிசைனில் விங் நட் மேலே இருக்கிறது. அதை யார் எட்டுவது?

என் ஜிம்னிக்கு ரெயில் இல்லை, கூரை ஓரத்தில் மழைநீர் ஓடும் விளிம்பு இருக்கிறது. அதில் கவ்வும் கிளாம்ப் நாலு, இரண்டு பைப், மேலே விங் நட். ஊட்டிப் பட்டறையில் செய்தேன், நன்றாகவே பிடித்தது. ஜூலை மழையில் எஸ்டேட் மண் பாதையில் இடது பக்கச் சக்கரம் இரண்டும் இறங்கிவிட்டது. வண்டியில் நானும் எண்பது வயசு மாமியாரும். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பின் டயரில் ஏறி நின்று ஒரு கையால் நட்டைத் திருகுகிறேன். மூன்று நட்டு வந்தது. நாலாவது விரலிலிருந்து நழுவித் தேயிலைச் செடிக்குள் போனது. பரவாயில்லை, போர்டுதான் வந்துவிட்டதே என்று இழுத்தேன், நாலு நாள் தேங்கியிருந்த சேற்றுத் தண்ணீர் முழுக்க என் முகத்தில். உள்ளேயிருந்து மாமியார் கண்ணாடியை இறக்கி, "இதுக்குத்தான் நாலு ஆளைக் கூப்பிடச் சொன்னேன்" என்கிறார். சுற்றுவட்டாரத்தில் நாலு அட்டைதான் இருந்தது, அதுவும் என் காலில்.

போர்டு போட்டு வண்டி ஏறிவிட்டது, அதைச் சொல்ல வேண்டும். இப்போது போர்டு இரண்டும் வண்டிக்குள் பின்சீட்டுக்குப் பின்னால், பழைய யோகா பாயில் சுற்றி. தவிர, வெளிநாட்டு மூன்று கதவு ஜிம்னிக்குக் கூரைப் பாரம் 30 கிலோதான். பைப், கிளாம்ப், போர்டு எல்லாம் அதில் சேர்த்தி.

பாம்பன் காற்று

படிக்கப் படிக்கச் சிரிப்புதான் வருகிறது. தனுஷ்கோடிக்கு அரிச்சல்முனை வரை 2017இல் தார் ரோடு வருவதற்கு முன்னால், முகுந்தராயர் சத்திரத்திலிருந்து மணலில் வேன் ஓட்டியவன் நான். போர்டு என்ற பேரே தெரியாது. டயரில் காற்றைக் குறை, ஈர மணலை விட்டு விலகாதே, ஏற்றத்தில் நிறுத்தாதே, ஸ்டீயரிங்கை ஒடிக்காதே. மாட்டினால் சாக்கு, பனை மட்டை. இவ்வளவுதான் வித்தை. கூரையில் ஆரஞ்சுப் பலகை வைத்துக்கொண்டு நகரத்தில் சுற்றுவது படம் காட்டுவதற்கு.

ஒரே ஒரு நாள் மட்டும் மறக்கவில்லை. அஸ்தி கரைக்க வந்த ஒரு அம்மா, கலசத்தை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் இருந்தார். தண்ணீர் ஏறுகிற நேரம். பின்சக்கரம் புதைந்துவிட்டது, சாக்கை முந்தின நாள் எவனோ எடுத்துப் போய்விட்டான். நான் சட்டையைக் கழற்றினேன். அந்த அம்மா கலசத்தைச் சீட்டில் வைத்துவிட்டு, பையிலிருந்து ஒரு ஜமுக்காளத்தை எடுத்து நீட்டினார். சக்கரம் ஏறி வந்தது, ஜமுக்காளம் நாராகக் கிழிந்தது. மன்னிப்புக் கேட்டேன். "போகட்டும் தம்பி, அவர் படுத்ததுதான்" என்றார்.

மரக்காணம் தார்

அண்ணா, நம் தார் ஜீப்புக்கு ரெயிலே இல்லை, சாஃப்ட் டாப், துணிக் கூரை. ஸ்டெப்னி மேல் வைத்துக் கட்டியிருக்கிறேன், நம்பர் பிளேட்டை மறைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். பீச் மணலில் போன ஜனவரி ராத்திரி டெஸ்ட் பண்ணினேன். சக்கரத்தை வேகமாகச் சுற்றவிட்டதில் போர்டின் பல்லெல்லாம் உருகி வழுவழுவென்று ஆகிவிட்டது. பிளாஸ்டிக் கருகும் நாற்றம் இரண்டு நாள் மூக்கில் இருந்தது. கடைக்காரர் மாற்றித் தரவில்லை.

கடலோரம்

ஜனவரி ராத்திரி, பீச். அந்தச் சீசனில்தான் பங்குனி ஆமைகள் நம் கரையில் முட்டையிட ஏறும். நான் நாலு வருஷமாக ராத்திரி நடையில் முட்டை எடுத்துப் பொரிப்பகத்தில் சேர்க்கிறவர்களோடு போகிறேன். ஒரு தடவை டயர் தடத்தின் மேலேயே ஆமை வந்த தடம் இருந்தது, அது பாதியில் கடலுக்குத் திரும்பியிருந்தது. முட்டையிடாமல். போர்டு எப்படி மாட்டுவது என்று எனக்குத் தெரியாது, அதைச் சொல்லத்தான் வந்தேன்.

மரக்காணம் தார்

தெரியாமல் செய்துவிட்டேன் அக்கா. இனிமேல் அங்கே இல்லை.

பெர்த் பிராடோ

யாழ்ப்பாணத்து ஆள், இப்ப பெர்த். போர்டு என்பது வெறும் பகிடி என்று பாம்பன் அண்ணா சொல்வதை ஒத்துக்கொள்ள மாட்டன். வண்டியே வராத இடத்தில் இரண்டு பலகைதான் துணை. சாக்கு சக்கரத்தில் சுற்றிப் பின்னால் நிற்கிறவன் முகத்தில் அடிக்கும், நான் கண்டிருக்கிறன். ஆனால் காற்று இறக்குவதுதான் முதல் மருந்து என்பது முழு உண்மை. என்னோடு வந்த ஒருத்தர் டயரில் 35 பிஎஸ்ஐ காற்றோடேயே ஓடி மூன்று தடவை புதைந்தார், 16க்கு இறக்கியதும் போர்டே தேவைப்படவில்லை.

என் கதைக்கு வாறன். கடையில் கிராஸ் பார், வன்பொருள் கடையில் போல்ட், பெரிய வாஷர், விங் நட், எல்லாமாக 28 டொலர். லான்ஸ்லின் மணல் மேடு பெர்த்துக்கு வடக்கே 130 கிலோமீட்டர். போகும் வழியெல்லாம் கூரையில் ஒரு ஊளை. மனிசி முதலில் ரேடியோவைக் கூட்டினா, பிறகு நிறுத்தினா, பிறகு என்னோடு கதைக்கிறதையும் நிறுத்தினா. துளை உள்ள பலகையைக் காற்று ஊதுகிறது, புல்லாங்குழல் மாதிரித்தான். கட்டுப் பட்டியை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டினதும், போர்டைக் கூரையோடு இன்னும் தாழ்த்தினதும் பாதி சத்தம் குறைந்தது.

திரும்பி வரும்போது ஒரு கடைத்தொகுதியில் பால் வாங்க இறங்கினம். எட்டு நிமிஷம் இருக்கும். வந்து பார்த்தால் கூரை வெறுமை. பொனெட்டில் என்னுடைய நாலு விங் நட்டும் வரிசையாக அடுக்கி வைத்திருந்தது, வாஷரோடு. ஸ்பேனர் தேவையில்லாமல் கழற்றும்படி செய்தது நான்தானே. எடுத்தவனுக்கும் அது வசதியாகப் போய்விட்டது. அந்த நாலு நட்டும் இன்னும் காரின் கோப்பைக் குழியில் கிடக்குது.

பல்லடம் லேத்து

அதற்குத்தான் பூட்டு என்று எழுதினேன். யாரும் முழுசாகப் படிப்பதில்லை. குன்னூர் அக்காவுக்கு மன்னிப்பு. போர்டைப் படுக்க வைக்காமல் கூரையின் பக்கவாட்டில் செங்குத்தாக நிறுத்தி மாட்டினால் நட்டு கைக்கு எட்டும், சேறும் தண்ணீரும் தேங்காது. எல் வடிவப் பட்டை இரண்டு போதும். முழங்கால் உயர ஸ்டூல் ஒன்று வண்டியில் இருப்பதும் நல்லது, அக்கா.

குன்னூர் ஜிம்னி

ஸ்டூல் வைக்க இடம் இருந்தால் போர்டையே உள்ளே வைத்துவிடுவேன் சார். வைத்துவிட்டேன்.

டஸ்டர், அந்தச் செருப்பு அப்புறம் கிடைத்ததா?

தாம்பரம் டஸ்டர்

இல்லை அக்கா. அடுத்த ஞாயிறு அதே வழியாகப் போனேன், ஓரம் கட்டிப் பார்த்தேன். புல் வெட்டியிருந்தார்கள்.

லேத்து சார் சொன்ன மாதிரியே பைப், யூ போல்ட் எல்லாம் செம்புதாஸ் தெருவில் வாங்கி, பக்கத்து வெல்டிங் பட்டறையில் செய்துவிட்டேன். 1,140 ரூபாய், பூட்டு தனி. ஐம்பது கிலோமீட்டரில் நிறுத்திப் பார்த்தேன், இரண்டு நட்டு தளர்ந்திருந்தது, சொன்னது சரி. இப்போது கையில் ஒரு போர்டுதான். ஒற்றையாக யாரும் விற்பதில்லை. தாராபுரம் ரோட்டில் போனதற்கு ஜோடி உங்களிடம் சும்மா கிடக்கிறதா?

பல்லடம் லேத்து

கிடக்கிறது. கறுப்பு. ஒரு ஓரம் கொஞ்சம் உருகியிருக்கும்.

தாம்பரம் டஸ்டர்

பரவாயில்லை சார். பார்சல் அனுப்புங்கள், காசு போட்டுவிடுகிறேன்.