ஹாரர் நாவல் வாசிச்சுக் கலங்கினாக்களோட எப்பிடிக் கதைக்கிற? உதவி வேணும்

வணக்கம், நான் மட்டக்களப்பு, கல்லடிப் பக்கம். நாங்க கொஞ்சப்பேர் சேந்து மாசம் ஒரு புத்தகம் வாசிச்சுக் கதைக்கிறனாங்க, இந்தமுறை பெடியள் ஹாரர்தான் வேணும் எண்டு நிண்டதால ஸ்டீபன் கிங்ட 'பெட் செமட்டரி' (1983) எடுத்தம். பேய்க்கதை எண்டுதான் எல்லாரும் நினைச்ச, ஆனா அதில வாறது லொறி அடிச்சுச் செத்த சின்னப்புள்ளயத் திரும்ப எழுப்பப் பாக்கிற தகப்பன்ட கதை. எழுதினவரே இது மிச்சம் கொடூரம் எண்டு கொஞ்சக்காலம் வெளியிடாம வெச்சிருந்தவர்.

எங்கட ஆக்கள்ள ஒரு அக்கா இரிக்கா, 2004 சுனாமில புள்ளயப் பறிகொடுத்தவ. பாதியில வெச்சிருவா எண்டு பாத்தா முழுக்க வாசிச்சிட்டு, "அந்த மனிசன் செஞ்சதுல என்ன பிழை தம்பி" எண்டு கேட்டா, ஒருத்தரும் வாய் திறக்கல்ல, மறுகா அவ வாறதும் இல்ல. எனக்கு அந்தக் கேள்விதான் அந்த நாவலப் பத்தி நான் கேட்டதிலயே பெரிய கதை, அதுக்கு மறுமொழி சொல்லாம விடுறது சரியில்ல.

இப்பிடி வாசிப்புக் கூட்டம் நடத்துறாக்கள், இல்லாட்டி கவுன்சிலிங் தெரிஞ்சாக்கள் இருந்தா சொல்லுங்க, அவட வீட்ட போய் புத்தகத்தப் பத்தியே கதைக்கலாமா, இல்ல அத விட்டுட்டு சும்மா கதைக்கிறதா? ஸ்டோரிகிராஃப் எண்ட புத்தக வெப்சைட்டில, கதையில மனசக் கலக்குற என்னென்ன வருது எண்டு வாசகர் போடுற எச்சரிக்கைக் குறிப்பு இரிக்கு, அது இங்கிலீசில, அம்மாமாருக்கு விளங்காது. தமிழ்ல நாமளே எழுதிக் குடுக்கிறதெண்டா கதைய உடைக்காம எவ்வளவு சொல்லலாம்? அடுத்த கூட்டம் இந்தமாசக் கடைசி, அதுக்கு முதல் சொன்னா பெரிய உதவி.