பெரிய வீடு 🏡 குழு: திவ்யா கம்ப்யூட்டர்

திவ்யா: செந்தில் மாமா, ரைசன் 5 7600 ப்ராசஸர் வாங்கியாச்சு. பழைய கல்யாண கேசட்டெல்லாம் ஏத்தி எடிட் பண்ணத்தான். மதர்போர்டும் ரேமும் இன்னைக்கு ராத்திரிக்குள்ள ஆர்டர் போடணும். எது எடுக்கட்டும்?

ரவி சித்தப்பா: ரேம் வாங்காத. எங்கிட்ட 8 ஜிபி ரெண்டு சும்மா கிடக்கு. டிடிஆர்4

அருண்: சேராது சித்தப்பா, இதுக்கு டிடிஆர்5 வேணும்

ரவி சித்தப்பா: ஏன்? ரெண்டுலயும் 288 பின்தான். எண்ணிப் பாரு

செந்தில் மாமா: பின் ஒண்ணுதான் மாப்ள, நடுவுல இருக்கிற வெட்டு தள்ளி இருக்கு. ஸ்லாட் மேல வெச்சுப் பாத்தாலே தெரியும், வெட்டும் மேடும் நேரா வராது. அமுக்குனா ஸ்லாட் உடையும். வோல்டேஜும் வேற, அது 1.2, இது 1.1. அதெல்லாம் விடுங்க, 7600 ஏஎம்5 சாக்கெட். அதுல டிடிஆர்5 மட்டும்தான். இன்டெல் 12, 13, 14 தலைமுறைன்னா ரெண்டு வகை போர்டும் உண்டு. அங்கயும் எந்த ரேமுக்கான போர்டுன்னு பாத்துத்தான் வாங்கணும்

கலா அத்தை: அவ கேட்டது எதை வாங்குறதுன்னு

செந்தில் மாமா: அதுக்குத்தானே வர்றேன்

பெரியம்மா: எந்தக் கல்யாண கேசட்டு? ரவி கல்யாணமா? அது கலா வீட்டுலதான இருக்கு

கலா அத்தை: எங்க வீட்டுல இல்ல அண்ணி. ரவி வாங்கிட்டுப் போயி எத்தனை வருஷமாச்சு

ரவி சித்தப்பா: நீ குடுத்தது கவர். உள்ள இருந்தது வேற கேசட்டு

கலா அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அருண்: 👀

செந்தில் மாமா: திவ்யா, பி650 சிப்செட் உள்ள போர்டு போதும். எக்ஸ்670 இந்த ப்ராசஸருக்கு வீண். கேபினட் என்ன அளவு?

திவ்யா: சின்னது மாமா. மைக்ரோ ஏடிஎக்ஸ்

செந்தில் மாமா: அப்ப போர்டும் மைக்ரோ ஏடிஎக்ஸ்தான், 244 மி.மீ. சதுரம் வரைக்கும். பயாஸ் (போர்டுக்குள்ள இருக்கிற அடிப்படை சாஃப்ட்வேர்) ஃப்ளாஷ்பேக் பட்டன் இருக்கிறதா பாரு. நாளைக்கு 9000 வரிசை ப்ராசஸருக்கு மாறுனா, பழைய பயாஸோட ஆன் ஆகாமப் போகலாம். பட்டன் இருந்தா புது பயாஸைப் பென் டிரைவ்லயே ஏத்திடலாம். ரேம்: டிடிஆர்5 6000, சிஎல்30 (சிஎல்னா ரேம் பதில் தர்ற தாமதக் கணக்கு), எக்ஸ்போ (வேகத்தைக் கூட்டுற ஏஎம்டி செட்டிங்) உள்ளது, 16 ஜிபி ரெண்டு, ஒரே பெட்டியில வர்ற ஜோடி

திவ்யா: இப்ப 16 ஒண்ணு, அப்புறமா இன்னொண்ணு?

அருண்: வேணாம். ஒண்ணுன்னா ஒரே சேனல், அலைவரிசை (ஒரு நேரத்துல போற டேட்டா அளவு) பாதி. பின்னாடி அதே மாடல் வாங்குனாலும் உள்ள சிப் மாறியிருக்கலாம், ஒத்துழைக்காம ஹேங் ஆகலாம்

திவ்யா: அப்ப 8 நாலு?

செந்தில் மாமா: அது இன்னும் மோசம். 7000 வரிசைக்கு ஏஎம்டி சொல்றது ரெண்டு குச்சின்னா 5200, நாலுன்னா 3600. 6000ங்கிறதே எக்ஸ்போ ஆன் பண்ணிக் கூட்டிக்கிறது. சிஎல்லும் பாரு. சிஎல்லை 2000ஆல பெருக்கி வேகத்தால வகு. 30க்கு 10 நானோ செகண்ட். அதே 6000ல சிஎல்40ன்னா 13.3

ரவி சித்தப்பா: என்னோடது 3200, சிஎல்16. போடு கணக்கு

அருண்: 10தான் 😂

ரவி சித்தப்பா: அப்புறம் என்ன!

செந்தில் மாமா: ரெண்டுக்கும் தாமதம்தான் ஒரே அளவு, அலைவரிசை ஒரே அளவு இல்ல. முதல்ல ஸ்லாட்டுக்குள்ள போகணுமே மாப்ள

பெரியம்மா: 🎤 0:47

திவ்யா: பெரியம்மா, எடிட் முடிஞ்சதும் எல்லாருக்கும் ஒரு காப்பி நிச்சயம் 🙏

அருண்: திவ்யா, நாலு ஸ்லாட் போர்டுன்னா ப்ராசஸர் பக்கத்துல இருந்து எண்ணி 2வது, 4வது. ஏ2, பி2னு அச்சடிச்சிருக்கும். க்ளிக்னு சத்தம் வர்ற வரைக்கும் அமுக்கு

செந்தில் மாமா: முதல் தடவை ஆன் பண்ணுனா ஸ்க்ரீன் சில நிமிஷம் கறுப்பாவே இருக்கும். ரேமைப் பழக்கிக்கிட்டு இருக்கும். கெட்டுப்போச்சுன்னு நினைச்சு பவரைப் பிடுங்காத. அப்புறம் பயாஸ்ல எக்ஸ்போ ஆன் பண்ணு, இல்லன்னா 4800ன்னோ 5600ன்னோதான் ஓடும். சிபியு-இசட்ங்கிற சாஃப்ட்வேர் 3000ன்னு காட்டுனா பயப்படாத, அது பாதிக் கணக்கு, ரெண்டால பெருக்கிக்கோ

கலா அத்தை: இவர் இன்னும் ஒரு மணி நேரம் பேசுவார். ஆர்டர் போட்டுடு

திவ்யா: ரேம் போட்டுட்டேன் 👍 போர்டுல ரெண்டு மாடல் இருக்கு, ஒண்ணுல ஸ்லாட்டே ரெண்டுதான்

அருண்: ரெண்டே போதும்

செந்தில் மாமா: நாலு இருக்கட்டும்

ரவி சித்தப்பா: எதுக்கும் ஞாயித்துக்கிழமை என் குச்சியைக் கொண்டாரேன். போட்டுப் பாத்துடலாம்

கலா அத்தை: வரும்போது கேசட்டையும் எடுத்துட்டு வா